பேணுவோரைப் பேணுதல்

அரபு மொழியில் ம, ர, ள என்னும் மூன்றெழுத்து வேர் நோயைக் குறிப்பதாகும். அவ்வேரினின்று பிறக்கும் இரு வினைச்சொற்களை ஸர்ஃபுப் பாடத்தில் மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது என் வழக்கம். ‘அம்ரள’ என்றால் நோயுறச் செய்தான் என்பது பொருள். ‘மர்ரள’ என்றாலோ, நோயுற்றவனின் அருகிருந்து பேணினான் என்பது பொருள். வேர் ஒன்றே, வாய்பாடு மாறியதும் பொருள் எதிர்த்திசைக்குச் சென்றுவிடுகிறது. செவிலியை அரபு மக்கள் ‘முமர்ரிளா’ என அழைப்பது இரண்டாவது சொல்லின் வழியாகவே. பல ஆண்டுகளாக இலக்கண நயமாக நான் எடுத்துரைத்து வந்த இவ்விரு சொற்களும், என் தம்பி மகள் செவிலியாகப் பணியேற்ற பின்னர் இன்னொன்றையும் எனக்கு உணர்த்தலாயின. பேணுகின்ற பணியே பேணுபவரை நோயுறச் செய்வதும் உண்டு.

அவள் பணிபுரிவது ஒரு தனியார் மருத்துவமனையில். இரவுப் பணி என்றால் எட்டு மணிக்கு எட்டு மணி. ஓரிரவு 18 நோயாளிகள் அவள் ஒருத்தியின் பொறுப்பில் இருந்தனராம். விடிந்து இல்லம் திரும்பினாலும் உறக்கம் வாய்ப்பதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுப்படியோ எவருக்காகவும் காத்திராது. சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று அவள் என்னிடம் கூறிய சொற்கள் இவை: “பெரியத்தா, முன்னெல்லாம் வார்டில் யாராவது மௌத்தாகிவிட்டால் ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. இப்போ அடுத்த கட்டிலுக்கு விரிப்பு மாற்றப் போய்விடுகிறேன். என்னைப் பார்த்தால் எனக்கே பயமாயிருக்கு.”

அவள் அஞ்சியது வீண் அச்சமன்று. 1974ஆம் ஆண்டு ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர், நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றியோரிடம் இந்நிலையைக் கண்டு, ‘எரிந்துபோதல்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு எழுதினார். ஆர்வத்தோடு வந்தவர்களே விரைவில் எரிந்துபோயினர் என்பது அவர் கண்ட உண்மை. 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இரு பெண்மணிகள் இதனை அளந்தறியும் முறையொன்றை வகுத்தனர். உள்ளம் வற்றிப்போதல், எதிரிலிருப்பவரை மனிதராக எண்ணாது ஒரு பொருளாக எண்ணத் தொடங்குதல், தான் செய்வதில் பயனேதுமில்லை என்று தோன்றுதல் ஆகிய மூன்றும் அவர்கள் காட்டிய அடையாளங்கள். அரபு ஏடுகள் இதனை ‘இஹ்திராக் நஃப்ஸீ’ என்று குறிக்கின்றன. நஃப்ஸு தீப்பற்றி எரிதல் என்பது அதன் பொருள். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதற்குத் தன் நோய்ப்பட்டியலில் விளக்கம் தந்தது. ஆயின் இதனை நோயென்று அது கூறவில்லை. தணிக்கப்படாத பணிச்சுமையால் விளையும் நிலை என்றே கூறிற்று. இந்த வேறுபாட்டை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பழுது பணியாளரின் உள்ளத்தில் இல்லை. பணியின் அமைப்பில் இருக்கிறது.

“அக்காலத்து மருத்துவர்கள் இரவு பகல் பாராது உழைக்கவில்லையா?” என வினவுவோர் உளர். உழைத்தார்கள். அவர்கள் கண்ணயர்ந்த வேளையில் நேர்ந்த பிழைகளை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே. பின்னர் எண்ணிப் பார்த்தார்கள். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட முடிவின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது. 24 மணி நேரமாயின் 0.10 விழுக்காட்டின் நிலைக்கு. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோர்க்குச் சட்டம் விதித்துள்ள எல்லையோ 0.03 விழுக்காடு. மதுவைத் தொட்டும் அறியாத ஒருவரை, உறக்கமின்மை அந்நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அத்தகையவர் கையில் வண்டியை ஒப்படைக்க அஞ்சும் நாம், ஊசியையும் கத்தியையும் ஒப்படைக்கலாமா?

செவிலியர் திறத்திலும் இவ்வாறே. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட கணக்கொன்று உண்டு. ஒரு செவிலியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், அச்செவிலி எரிந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடும் மிகுந்தனவாம். கட்டிலில் கிடப்பவரின் உயிரும், கட்டிலருகே நிற்பவரின் உள்ளமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டில் விதியே இல்லையென்று கூறுவதற்கில்லை. மேற்படிப்புப் பயிலும் உறைவிட மருத்துவர்கள் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கும், வாரத்தில் 48 மணி நேரத்துக்கும் மேற்படாது பணியாற்றுவதே முறை என நடுவண் அரசு 1992ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டது. விதி தாளில் உறங்குகிறது, மருத்துவர் விழித்திருக்கிறார். என்னிடம் ஓதிய மாணவரொருவர் இன்று ஓர் அரசு மருத்துவமனையில் மேற்படிப்புப் பயில்கிறார். “ஹஜ்ரத், திங்கள் காலை உள்ளே போனால் செவ்வாய் இரவுதான் வெளியே வருவேன்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழுவொன்று 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாதெனப் பரிந்துரைத்தது. 48 எங்கே, 74 எங்கே! அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், கொல்கத்தாவில் நீண்ட பணியின் இடையே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுக்கச் சென்ற இளம் பெண் மருத்துவர் கொலையுண்ட செய்தி கேட்டு நாடே பதறியது. மருத்துவர் தலைசாய்க்கப் பாதுகாப்பான அறையொன்று வேண்டும் என்பதை அத்துயரத்திற்குப் பிறகே பலரும் பேசினர்.

2020 மார்ச் 22 மாலை, மருத்துவப் பணியாளர்க்கு நன்றி கூறி நாடெங்கும் கைதட்டினோம். நன்றி நல்லதுதான். ஆயினும் ‘தியாகம்’, ‘தொண்டு’ என்னும் புகழ்மொழிகளைக் கேட்கும்போது எனக்குள் ஓர் ஐயம் எழுகிறது. தியாகி என்று ஒருவரை அழைத்துவிட்டால், அவருக்கு உறக்கம் வேண்டும், விடுப்பு வேண்டும், உரிய ஊதியம் வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு எழாமற் போகிறது. அவரும் கேட்க நாணுகிறார். புகழ் இவ்வாறு கடனைத் தீர்க்காமலே தீர்த்ததாகக் காட்டிவிடுகிறது.

இன்று நம் சமுதாயத்துப் பெண்மக்கள் பலர் மருத்துவமும் செவிலியமும் கற்கின்றனர், பெருமைப்படுகிறோம். அப்பெருமைக்குரிய விலையை வீட்டாரும் சிறிது தரலாகாதா? இரவுப் பணி முடித்து வருபவள் பகலில் உறங்குவதைச் சோம்பல் என்று அண்டை வீட்டாரிடம் கூறாதிருத்தல் முதற்படி. வலீமா விருந்தில் மருத்துவரைக் கண்டதும், பிரியாணித் தட்டின் மீதே இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டாதிருத்தல் மற்றொன்று. நோயாளியைக் காணப் பதினைந்து பேராய்ச் சென்று, அவர்கள் ஒவ்வொருவர்க்கும் செவிலி தனித்தனியே விளக்கம் கூற வேண்டுமென எதிர்பாராதிருத்தல் இன்னொன்று.

தம்பி மகளின் இல்லத்தில் இப்போது ஒரு மாற்றம். காலை வேலைகளை அவள் கணவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். மாமியாரோ தம் மருந்தைத் தாமே எடுத்துக்கொள்வதோடு, மருமகள் உறங்கும் அறையின் சன்னலுக்குக் கறுப்புத் துணியும் தைத்துப் போட்டிருக்கிறார். வேலையை விட்டுவிடச் சொல்கிறான் தம்பி, அவளுக்கு மனமில்லை. வீட்டில் கிடைத்த இந்த ஐந்து மணி நேர உறக்கம் அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஆனால் 18 நோயாளிகள் இன்னும் 18 நோயாளிகளாகவே இருக்கின்றனர். அந்த எண்ணைக் குறைப்பது கணவராலும் மாமியாராலும் ஆகக்கூடியதன்று. இன்னொரு செவிலியை நியமிக்கும் செலவை வீண்செலவென்று எண்ணாது, நோயாளிக்குத் தரும் மருந்துகளில் ஒன்றென எண்ணும் நாள் வரவேண்டும். அந்நாள் வரும்வரை, மருத்துவமனைக்குச் செல்லும் நாம் ஒவ்வொருவரும் படுக்கை வாடகையைக் கேட்பதற்கு முன், “இந்த வார்டில் இரவில் எத்தனை செவிலியர்?” என்று கேட்போமாக. கேட்கப்படாத கேள்விக்கு எந்த நிர்வாகமும் விடை தேடுவதில்லை.