முந்நூறு கதிரையும் ஒரு முட்டையும்

பாரிஸில் அண்மைக் காலத்தில் திறந்த பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடைகளில் எதற்கு ஆக நீளமான வரிசை? நட்சத்திரம் வாங்கிய சமையல் வல்லுநரின் கடைக்கு அல்ல. அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து மேலே மயோனைஸ் ஊற்றிக் கொடுக்கும் கடைக்குத்தான். ‘பூயோன்’ என்பது இந்த வகைக் கடைகளின் பெயர். பிகாலில் 2017, ரெப்யூப்ளிக்கில் 2021, கார் து லெஸ்த் ரயில் நிலையத்தடியில் 2022 என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தார்கள். மழை பெய்தாலும் சனம் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது.

*

கடை புதிது, சரக்குப் பழையது. 1850களில் தியுவால் என்ற இறைச்சிக் கடைக்காரர் லே ஆல் சந்தைத் தொழிலாளிகளுக்காகத் தொடங்கிய யோசனை இது. நல்ல துண்டுகளைப் பணக்காரர் வாங்கிப்போன பிறகு மிஞ்சும் மாட்டிறைச்சியை வேகவைத்து, இறைச்சியையும் அதன் சாற்றையும் மலிவாக விற்றார். 1900 வாக்கில் நகரத்தில் இருநூற்றைம்பது பூயோன் வரை இருந்ததாகச் சொல்வார்கள். பிறகு தேய்ந்து போயின. 1896இல் திறந்த ஷார்த்தியே மட்டும் ஃபோபூர் மோன்மார்த்தில் விடாமல் நடந்தது. அங்கே சுவரில் இலக்கமிட்ட சின்னச் சின்ன இழுப்பறைகள் உண்டு. வாடிக்கைக்காரர் தம் துணித் துவாலையை மடித்து அதற்குள் வைத்துவிட்டுப் போவார்களாம். கணக்கை இன்றும் மேசைமேல் விரித்த கடதாசியிலேயே எழுதிக் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டல் கணக்கைப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணியை நான் கண்டதில்லை.

*

வரிசையில் என் முன்னால் நின்ற மூதாட்டி, பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தன் தாய் லீக்ஸை எப்படி அவிப்பாள், வினிகர்ச் சோஸில் கடுகு எவ்வளவு போடுவாள் என்று. உள்ளே போனதும் அவர் கேட்டது அதே லீக்ஸ்தான். சாப்பிட்டுவிட்டு, “கடுகு காணாது” என்றார். ஆனால் தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் கடைகளுக்கு வரும் வயதான பிரெஞ்சுக்காரர்கள் சமையலை ருசிக்க வருவதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுச் சமையலோடு ஒத்துப்பார்த்து, வீடுதான் திறம் என்று சொல்லிவிட்டுப் போக வருகிறார்கள். அந்தத் திருப்தியும் விலைக்குள் அடக்கம்.

*

மாணவர்கள் வேறு மாதிரி. முதலில் விலைப் பக்கத்தை வலமிருந்து இடமாகப் படிக்கிறார்கள். முட்டை, கிழங்கு மசியலோடு சொசேஜ், கடைசியில் ஷாந்தியி கிறீம். ஒரு குவளை வைனை மூன்று பேர் பங்கிடுகிறார்கள்.

*

உணவகங்களில் கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது அடுப்படிக்கு ஏறிவிட்ட நம்மவர் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளிலிருந்து பாரிஸ் உணவகங்களின் பின்கதவு எங்கள் ஆட்களுக்குப் பழகியது. தமிழ்க் கை படாத பிரெஞ்சுச் சோஸ் இந்த நகரத்தில் குறைவு என்று அவர் பகிடியாகச் சொல்வார், பாதி உண்மைதான்.

“பாண் கூடை வெறுமையாத் திரும்பி வந்தா, சனம் பசியோட இருக்குதெண்டு நினையாதேங்கோ அண்ணை. எங்கட அடுப்பு பிந்துதெண்டு அர்த்தம்.”

“அப்ப சாப்பாடு பிடிச்சதோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?”

“அது கோப்பை கழுவுறவனுக்குத்தான் முதல் தெரியும். சோஸைப் பாணாலை துடைச்சிருந்தா தட்டு பளபளெண்டு வரும். தண்ணி காட்டினாப் போதும்.”

அவர் சொன்ன மற்ற விபரங்களையும் குறித்துக்கொண்டேன். பாதியோடு திரும்புவது பெரும்பாலும் கன்றுத் தலை. பெயரை விளங்காமல் கேட்டவர்களின் தட்டு அது. குடலில் செய்யும் ஆந்துயெத் சொசேஜ், அதன் மணத்தாலேயே ஒரு வாய் கடித்தபடி திரும்பிவரும். பச்சை இறைச்சியைக் கொத்தி வைக்கும் தார்த்தாரை, “கொஞ்சம் வாட்டித் தாருங்கள்” என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டாம். சூடான சொக்லேற் ஊற்றிய புரொபித்ரோல் தட்டு மட்டும் நக்கியதுபோல வரும், எந்த நாட்டு ஆள் சாப்பிட்டாலும்.

*

இப்போது சாப்பிட்டு எழும்புமுன்பே கைபேசியில் நட்சத்திரம் போடுகிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு மூதாதை, 1803இல் ‘அல்மனாக் தே கூர்மோந்’ வெளியிட்ட கிரிமோ து லா ரெனியேர். கடைக்காரர்கள் இலவசமாக அனுப்பும் பண்டங்களை ஒரு குழுவைக் கூட்டி ருசிபார்த்துத் தீர்ப்பெழுதினார். பண்டம் அனுப்பியவரைப் புகழ்கிறார் என்ற பேச்சு அப்போதே எழுந்துவிட்டது. இருநூறு வருடத்தில் பண்டம் அனுப்பும் முகவரி மட்டும்தான் மாறியிருக்கிறது.

*

என் மனக்குறை ஒன்று. பெயர் வேண்டாம், புதிதாகத் திறந்த கடை. இருவர் அமரும் மேசைகள் இரண்டுக்கு நடுவே ஒரு கை அகலம்கூட இல்லை. பக்கத்து மேசைக்காரரின் விவாகரத்து வழக்கு முழுவதும் எனக்குத் தெரியும், அவருடைய வக்கீலின் சம்பளம் உட்பட. பிரதான உணவு வரும்போது முதல் தட்டு இன்னும் முடியவில்லை. கோப்பி பாதியில் இருக்கக் கணக்கு வந்துவிட்டது. பொரித்த கிழங்கு ஆறிப்போய்த் துவண்டு கிடந்தது.

கோபம் வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முந்நூறு கதிரை, நண்பகல் தொடக்கம் நள்ளிரவு வரை மூடாத அடுப்பு, ஒரே கதிரையில் நாளுக்குப் பல பேர். இறைச்சியைப் பெரிய பானையில் மணிக்கணக்காக வேகவைத்து வைத்துக்கொள்ளலாம் என்பதால்தான் பூர்கினியோன் போன்ற மாட்டிறைச்சிக் குழம்பு இங்கே திறமாக இருக்கிறது. ஸ்ரேக்கையும் பொரியலையும் ஒவ்வொன்றாகச் செய்யவேண்டும், அங்கேதான் சறுக்குகிறார்கள். என்னை விரட்டியதும் முட்டையை மலிவாகத் தந்ததும் ஒரே ஏற்பாடுதான். இருந்தாலும் கோப்பியை முடிக்க விட்டிருக்கலாம்.

*

கனடாவிலிருந்து வந்த மாமியைக் கூட்டிப்போனேன். முக்கால் மணித்தியாலம் வரிசை. முட்டை வந்ததும் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதுக்கோ தம்பி இவ்வளவு நேரம் நிண்டனாங்கள்?”

மாமி இறைச்சியும் மீனும் தொடமாட்டார். அப்படியானவர்களுக்கு இந்தக் கடைகளில் பெரிய வழி இல்லை. முட்டை, லீக்ஸ், செலரிக் கிழங்கைச் சீவிக் கடுகு மயோனைஸில் பிரட்டும் ரெமூலாத், கிழங்கு மசியல், பெரும்பாலும் அவ்வளவுதான். வெங்காயச் சூப்பில் மரக்கறிதானே என்று ஏமாறக்கூடாது. பெரும்பாலும் அடியில் இருப்பது மாட்டெலும்புச் சாறு. சுத்தச் சைவம் என்றால் முட்டையும் போய்விடும், மயோனைஸும் போய்விடும். கடைசியில் குளிரவைத்த ரி-ஓ-லே வந்தது. மாமி ஒரு கரண்டி எடுத்தார். “சீனி போட்ட பால்சோறு. எங்கட புக்கையை ஆறவைச்சு விக்கிறாங்கள்” என்றார். ஆனால் முழுவதையும் முடித்தார், என்னுடையதில் பாதியையும்.

*

ஃபோபூர் சென் தெனி தெருவின் தென்முனைக்கு அருகே, 16ஆம் இலக்கத்தில் பூயோன் ஜூலியான் இருக்கிறது. வண்ணக் கண்ணாடியும் பூவேலையும் நிறைந்த 1900களின் அலங்காரம். 2018இல் பழையபடி பூயோனாகத் திறந்தார்கள். அதே தெருவில் வடக்கே நடந்தால் கார் து லெஸ்த், கார் து நோர் இரண்டையும் தாண்டி லா ஷப்பல் வரும். அங்கே இடியப்பம், கொத்துரொட்டி, புடவைக்கடை, நகைக்கடை. அரைமணி நேர நடை. இரவு வேலை முடித்த நம்மவர்கள் அந்தத் திசையில்தான் போகிறார்கள். பகல் முழுக்கக் கன்றுக்குட்டி பிளாங்கெத் கிண்டியவர் இரவில் அதைச் சாப்பிட்டதாக நான் கேள்விப்படவில்லை.

*

முதல்முறை போகிறவர்களுக்கு. குழாய்த் தண்ணீர்க் குடுவையும் பாணும் சாப்பாட்டு விலைக்குள் அடக்கம். 1967ஆம் ஆண்டின் அரசாணையே இருக்கிறது. பாண் முடிந்தால் கூச்சமில்லாமல் திரும்பக் கேளுங்கள். வெறுமனே “தண்ணீர்” என்றால் போத்தல் வந்து காசும் ஏறும். “கராஃப் தோ” என்று கேட்கவேண்டும். வரியும் 15 சதவீதச் சேவைக் கட்டணமும் அச்சிட்ட விலையிலேயே சேர்ந்தவை, மேலே வைப்பது உங்கள் விருப்பம். இறைச்சியில் சிவப்பு ஆகாதவர்கள் “பியான் கூய்” என்று சொல்லாவிட்டால், நடுத்தரம் என்று அவர்கள் நினைப்பதே எங்களுக்கு இரத்தமாகத் தெரியும்.

பின்னேரம் மூன்று, நான்கு மணிக்குப் போங்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், வரிசை இருக்காது. முட்டை, பூர்கினியோன், புரொபித்ரோல். குழாய்த் தண்ணீரோடு என்றால் இரண்டு பேர் நாற்பது யூரோவை ஒட்டி எழும்பலாம். பொரித்த கிழங்கை மட்டும் கேட்காதீர்கள்.