அடங்கிப்போன ஓசை

குற்றாலத்தில் சாரல் தூவிய ஆனி மாதம். திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், "சாமி, சுகமாயிருக்கிறேன்; மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றார். அவர் இருதயத்தில் இயங்குவது செயற்கை வால்வு என்று அறிந்திருந்தும், ஏனென்று கேளாமல் மகிழ்ந்து ஆசீர் அளித்தேன்.

மூன்றாம் வாரம் மூச்சுத் திணறலோடு அவரைத் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டு சென்றோம். இரவில் தமக்குக் கேட்கும் 'டிக் டிக்' ஓசை சில நாட்களாக அடங்கிவிட்டதென்று வழியில் சொன்னார். வால்வில் இரத்தம் உறைந்து, அதன் தகட்டை அசையவிடாமல் பிடித்திருந்தது.

மறு அறுவை அவருக்குப் பேராபத்து என்று கருதிய மருத்துவர், ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் உறைகரைப்பு மருந்தைச் செலுத்தினார். உறைகட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லலாம், மூளையில் இரத்தம் கசியலாம் என்று முன்னரே எச்சரித்தார். அவ்விரவு செபமாலையோடு வராந்தாவில் அமர்ந்திருந்தேன். மறுநாள் ஓசை திரும்பியது.

இம்மருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிலிருந்து கிடைப்பது. அக்கிருமிக்கு இரத்த உறைவைக் கரைக்கும் ஆற்றல் உண்டென்று 1933-இல் அறிவித்தவர்கள் அமெரிக்கரான டில்லெட்டும் கார்னரும். இளமையில் தொண்டைப்புண்ணாக வந்து, வாதக் காய்ச்சலாகி, அத்தாயின் சொந்த வால்வைச் சிதைத்ததும் அதே கிருமிக் குடும்பமே!

அன்பர்களே, செயற்கை வால்வு பொருத்தியோர் உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. ஓசை மங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நானும் இப்போது ஆசீர் அளிக்குமுன் கேட்கிறேன்: "மாத்திரை சாப்பிட்டீர்களா, அம்மா?"