தாந்தே கண்ட ஆசிரியர்

புளோரென்சு நகரத்துக் கவிஞர் தாந்தே (1265–1321) இயற்றிய பெருங்காப்பியத்தின் முதற்பகுதி நரகத்தைப் பற்றியது. அதனை ஆங்கில மொழிபெயர்ப்பில் யாம் முதன்முதற் படித்தபோது எம்மை வருத்தியவை அங்குள்ள தீயும் பனியும் அல்ல. 15ஆம் படலத்தில் வரும் ஒரு சந்திப்பே.

நரகத்தின் ஏழாம் வட்டத்தில், ஓயாது நெருப்பு மழை பொழியும் மணல்வெளி ஒன்றுண்டு. அதனையடுத்த கரைமேல் உரோமக் கவிஞர் வேர்ஜில் வழிகாட்டத் தாந்தே நடக்கின்றார். கீழே செல்லும் ஆவிகளுள் ஒன்று அவர் ஆடையின் ஓரத்தைப் பற்றுகின்றது. முகம் வெந்து கருகியிருந்தும் தாந்தே அதனை அடையாளங் கண்டுகொள்கின்றார். புருனெத்தோ லத்தீனி! புளோரென்சில் அரச கருமம் பார்த்தவர். பிரெஞ்சு மொழியிற் கலைக்களஞ்சியம் போன்ற பெருநூல் யாத்தவர். இளமையில் தாந்தேக்கு அறிவூட்டியவர்.

அவர் செய்த குற்றம் இன்னதெனக் கவிஞர் அங்கு வெளிப்படக் கூறவில்லை. ஆண்பாற் சேர்க்கை என்றே உரைகாரர் பெரும்பாலும் கொள்வர். அதனைப் பெரும்பாவமென்றது அக்காலத் திருச்சபையின் தீர்ப்பு. அத்தீர்ப்போடு யாம் உடன்படுபவரல்லோம். எனினும் அதனை மனமார நம்பிய தாந்தே, தம் ஆசிரியருக்கு விலக்கு அளித்தாரல்லர் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

ஆசிரியரைத் தெய்வத்துக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றி வளர்ந்த எமக்கு இது குருநிந்தையாகவே தோன்றிற்று. அவரைப் பாடாது விட்டிருந்தால் யார் கேட்டிருப்பர்? அவ்வருத்தம் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

ஆனால், அங்குக் கவிஞர் நடந்துகொள்ளும் முறையைப் பாருங்கள். கரையிலிருந்து இறங்கினால் வெந்துபோவார். ஆதலால் இறங்காது, வணங்குவார்போலத் தலைதாழ்த்தி ஆசிரியரோடு ஒத்து நடக்கின்றார். இத்தாலிய மொழியிலும் தமிழிற்போல முன்னிலையில் ஒருமையும் மரியாதைப் பன்மையும் உண்டு. வழிகாட்டியாகிய வேர்ஜிலையே 'நீ' என விளிக்கும் தாந்தே, புருனெத்தோவை 'நீர்' என்கின்றார். இன்றைய ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு மறைந்துபோம். தமிழ்ச் செவிக்கு அது உடனே புலனாகும். தண்டனையும் குறையவில்லை, மரியாதையும் குறையவில்லை.

இஃது எளிய காரியமன்று. எமக்குச் செய்யுளின் சுவையை ஊட்டிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். எக்கல்லூரியில் என்பது இங்கு வேண்டாம். அவர் பாடிக் காட்டிய பாடல்கள் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றன. கிழிந்த சட்டையோடு வந்த சிறுவன் ஒருவனை எழுப்பி நிறுத்தி, வகுப்பு முழுதும் நகைக்கப் பேசியவரும் அவரே. அச்சிறுவன் பின்னர்ப் பள்ளிக்கு வரவில்லை. அவ்வாசிரியரைப்பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் சிலர் எம்மை முன்னொருகாற் கேட்டனர். புகழ்ந்து மட்டும் எழுதினால் அச்சிறுவனுக்கு வஞ்சனை. இகழ்ந்து மட்டும் எழுதினால் யாம் பெற்ற தமிழுக்கு வஞ்சனை. இரண்டையும் எழுதுவோம் என்றோம். அதற்கு அவர்கள் இசையவில்லை. விழா மலர்களிற் குறையுடைய ஆசிரியர் எவரும் தோன்றுவதில்லை என்பதை அன்பர்கள் அறிவீர்கள்.

தாந்தே இரண்டையும் எழுதினார். வேறொரு கூட்டம் வருவது கண்ட புருனெத்தோ, தம் நூலைப் பேணும்படி மாணாக்கரிடம் வேண்டிக்கொண்டு, தம் கூட்டத்தைச் சேர விரைந்து ஓடுகின்றார். அவ்வோட்டத்தைக் கண்ட கவிஞருக்கு வெரோனா நகரத்து ஓட்டப் பந்தயம் நினைவுக்கு வருகின்றது. அப்பந்தயத்தின் பரிசு ஒரு பச்சைத் துணி. நெருப்பு மழையினூடே ஓடும் தம் ஆசிரியரை அப்பரிசை வென்றவராகவே அவர் காண்கின்றார்.