சித்திரத்தில் கண்ட யதீம்கள்



வயது வந்தோர் சித்திரப் படம் பார்ப்பதை நம் இல்லங்களில் எவரும் மெச்சுவதில்லை. "இந்த வயதில் கார்ட்டூனா?" என்னும் கேள்வி என் வீட்டிலும் அடிக்கடி எழுவதுண்டு. நானோ, 'அனிமே' என்று உலகம் அழைக்கும் ஜப்பானியச் சித்திரப் படங்களின் நெடுநாள் ரசிகன். அவை யாவும் நல்லவை என்று வாதிட நான் வரவில்லை. வன்முறையும் ஆபாசமும் மலிந்தவை அவற்றுள் ஏராளம். பிள்ளையின் கையில் கைப்பேசியைத் தந்துவிட்டு நாம் அடுத்த அறைக்குச் சென்றுவிடுவது பொறுப்பாகாது. எனினும், என் உள்ளம் கவர்ந்த படங்களை ஒருநாள் வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. நான் நேசித்த பாத்திரங்களுள் பலர் பெற்றோரை இழந்த பிள்ளைகள். நம் வழக்கில் சொல்வதானால், யதீம்கள்.

1974ஆம் ஆண்டில் வெளிவந்த தொடரின் நாயகி ஹைடி, பெற்றோரை இழந்து ஆல்ப்ஸ் மலையில் தன் பாட்டனாரிடம் வளர்பவள். 1978இல் ஹயாவோ மியாசாகி இயக்கிய தொடரின் நாயகன் கோனான், பேரழிவு ஆயுதங்களால் உலகம் பாழான பின்னர் தனித்தீவொன்றில் ஒரு முதியவரால் வளர்க்கப்பட்டவன். 1985ஆம் ஆண்டுத் தொடரில் வரும் சாராவோ, தந்தை இறந்த செய்தி வந்ததும், தான் மாணவியாக வாழ்ந்த அதே விடுதியில் பணிப்பெண்ணாக்கப்படுகிறாள். இத்தொடர்கள் அரபு மொழியிலும் பேசின. கோனான் அங்கு 'அத்னான்' ஆனான்; சாரா 'சாலி' ஆனாள். நம்மவர்கள் பிழைப்புத் தேடிச் சென்ற வளைகுடா நாடுகளில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் இவர்களோடு வளர்ந்தார்கள்.

ஆயினும், என்னை உறங்கவிடாமல் செய்த படம் ஒன்றே. 1988இல் இஸாவோ தகஹாட்டா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை' அது. 1945ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோபே நகரின் மீது அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைப் பொழிகின்றன. தாய் இறந்துவிடுகிறாள். தந்தை கடற்படையில் எங்கோ இருக்கிறார். பதின்வயதுச் சிறுவன் செய்ட்டாவும் அவனுடைய நான்கு வயதுத் தங்கை செட்சுகோவும் உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுகிறார்கள். இது வெறும் கற்பனையன்று. மூலக்கதையை 1967இல் எழுதிய அகியுகி நொசாகா, போர்க்காலத்தில் தம் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். இயக்குநர் தகஹாட்டாவும் தம் ஒன்பதாம் வயதில் ஒகயாமா நகரில் நிகழ்ந்த குண்டுவீச்சிலிருந்து உயிர் தப்பியவர்.

வாசகர்களே, அப்படத்தில் என்னை நடுங்கச் செய்தவை விமானங்கள் அல்ல. அந்த வீட்டுப் பெண்மணியின் அகப்பை. தொடக்கத்தில் அவள் பிள்ளைகளை வரவேற்கத்தான் செய்கிறாள். பின்னர், அவர்களுடைய தாயின் உடைகளை அரிசிக்கு மாற்றலாம் என்று யோசனை கூறி, வந்த அரிசியில் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறாள். நாளடைவில், வேலைக்குச் செல்லும் தன் மகளுக்குச் சோறும், இந்தப் பிள்ளைகளுக்கு நீர்த்த கஞ்சியும் என்றாகிறது. அந்த அரிசி தங்களுடையதுதானே என்று சிறுமி கேட்டுவிட, அவளுக்குச் சினம் பொங்குகிறது. அவள் அடிப்பதில்லை, வெளியே பிடித்துத் தள்ளுவதும் இல்லை. சொற்களாலும் அளவுகளாலுமே அப்பிள்ளைகளைத் தாமாக வெளியேறச் செய்துவிடுகிறாள். முதலில் சிறுமியும், போர் முடிந்த சில வாரங்களில் சிறுவனும் பட்டினியால் மாண்டு போகிறார்கள்.

ரசிகர்கள் கூடினால் இதைப் பற்றி ஓயாமல் வாதிடுவார்கள். அவள் கொடியவள் என்பார் சிலர். பஞ்ச காலத்தில் அவள் வேறு என்ன செய்வாள், செய்ட்டாவின் வீம்புதான் தங்கையைக் கொன்றது என்பார் வேறு சிலர். எனக்குத் தோன்றுவது இதுதான்: அவள் அரக்கி அல்லள், கணக்குப் பார்க்கும் ஒரு சாதாரணக் குடும்பத்தலைவி. அதனாலேயே அவளைக் கண்டு அஞ்சுகிறேன்.

அச்சிறுமி கையில் வைத்திருந்த சிவப்பு மிட்டாய் டப்பாவை இப்படத்தின் ரசிகர்கள் எவரும் மறக்கமாட்டார்கள். அந்த மிட்டாயைச் செய்துவந்த பழைய நிறுவனம் 2023 ஜனவரியில் மூடப்பட்டபோது ரசிகர்கள் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால், தகர டப்பாவுக்காகக் கசியும் கண், அண்டை வீட்டு யதீமைக் காணாமல் போனால் அந்தக் கண்ணீரால் யாருக்கு என்ன பயன்?

2021ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவின் மங்கா புரொடக்‌ஷன்ஸ் நிறுவனமும் ஜப்பானின் டோயி அனிமேஷன் நிறுவனமும் இணைந்து 'பயணம்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு படத்தை வெளியிட்டன. யானைப் படையோடு மக்காவின் மீது ஆப்ரஹா படையெடுத்த வரலாற்றைப் பின்புலமாகக் கொண்டது அது. படம் முடிந்ததும் என் சிந்தனை மீண்டும் அந்த ஜப்பானியச் சிறுமியிடமே சென்றது. ஏனெனில், அந்த யானை ஆண்டில்தான் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தந்தை முகம் காணாத யதீமாக இவ்வுலகில் பிறந்தார்கள். ஆறு வயதில் அன்னையை இழந்தார்கள். எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தார்கள். அதன்பின் அவர்களை அரவணைத்தது பெரிய தந்தை அபூதாலிப் அவர்களின் இல்லம். அது செல்வம் கொழித்த வீடன்று. அங்கு பிள்ளைகளும் பலர். ஆயினும், அவர்தம் துணைவியார் ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்கள், வந்த பிள்ளையைப் பெற்ற பிள்ளையைப் போலவே பேணினார்கள்.

வறுமை இரு வீடுகளிலும் இருந்தது. ஒரு வீட்டில் அகப்பை சுருங்கியது, மறு வீட்டில் மனம் விரிந்தது. யதீமின் பொருளை அநியாயமாக உண்பவரைத் திருமறையின் 'அந்நிஸா' அத்தியாயம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நாம் அறிவோம். யதீமுக்குப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்கள் போல் நெருங்கியிருப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததையும் அறிவோம். யதீம்கானாவுக்கு ரமலானில் அரிசி மூட்டை அனுப்புகிறோம், நல்ல செயல்தான். ஆனால், மறைந்த சகோதரனின் பிள்ளை நம் ஸஹனில் வந்து அமரும்போது, கறித்துண்டு யார் பக்கம் போகிறது? பள்ளிக் கட்டணம், பெருநாள் துணி, திருமணம் என்று வரும்போது நம் குரல் எப்படி மாறுகிறது? அந்தப் பிள்ளைக்கு வாப்பா விட்டுச்சென்ற நிலமும் நகையும் எவர் பெயரில் இருக்கின்றன?

சிறு குழந்தைகளுக்கு அந்தப் படம் வேண்டாம், அவர்கள் தாங்கமாட்டார்கள். வளர்ந்த பிள்ளைகளோடு ஒருமுறை அமர்ந்து பாருங்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, "அந்தச் சாச்சி செய்தது சரியா?" என்று கேளுங்கள். அவர்கள் என்ன விடை சொல்கிறார்கள் என்பதோடு, எந்த வீட்டை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

நம் வீடுகளில் எந்த யதீமும் தன் கிண்ணத்தை அடுத்தவர் கிண்ணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை வராமல் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.