கணினியில் கேட்ட தோடி

மாணவர் விடுதியில் நள்ளிரவில் நாயனம் வாசித்தால் என்ன ஆகும்? பக்கத்து அறைக்காரர் கதவை இடிப்பார். காவலர் விசில் ஊதிக்கொண்டு வருவார். மறுநாள் காலையில் விடுதிக் காப்பாளரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆயினும் சென்ற மார்கழியில் பல இரவுகள் நான் என் அறையில் நாயனம் வாசித்தேன். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. வாசித்தது கணினி, கேட்டவை என் இரு காதுகள் மட்டுமே!

அந்த இரவுகளில் கண்டதையும், கிடைக்காதா என்று ஏங்கியதையும் நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

என் ஊர் மயிலாடுதுறைக்கு அருகில் ஒரு சிற்றூர். அப்பா நாயனக்காரர்; தாத்தாவும் அப்படியே. ஏழு வயதில் என் கையில் சீவாளியைக் கொடுத்தவர் அப்பாதான். பத்தாம் வகுப்பில் அதைத் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் வைத்தவரும் அவர்தான். "இந்தக் குழாய் என்னோட போகட்டும் தம்பி. நீ படி" என்றார். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளூர மகிழ்ந்தேன் என்பதே உண்மை. விடியற்காலைச் சாதகம் தொலைந்தது அல்லவா? இன்று இயற்பியல் முதுகலை மாணவனாகப் புனேயில் இருக்கிறேன். அப்பாவுக்கோ முன்பற்கள் விழுந்துவிட்டன. உதடு சீவாளியைப் பிடிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவர் வாசிப்பதில்லை.

இந்த நிலையில் பொங்கல் விழா வந்தது. விழாவுக்கு மங்கல இசை வேண்டும். ஊரிலிருந்து ஆள் வரவழைக்கப் பணம் இல்லை. பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுவிடலாம் என்றார்கள் நண்பர்கள். "வேண்டாம், கணினியில் நானே ஒரு தோடி செய்து தருகிறேன்" என்று நான் வீம்பாகச் சொல்லிவிட்டேன். நாயனக்காரர் மகன் என்ற எண்ணம் உள்ளே இருந்து பேசியது போலும்!

கணினியைப் பாடவைப்பது புதிய செய்தி அன்று. 1957-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்பவர் அதைச் செய்துகாட்டினார். 1983-இல் மிடி என்ற பொதுமொழி வந்தது. எந்தக் கம்பெனியின் விசைப்பலகையும் எந்தச் சிந்தசைசரோடும் பேச முடிந்தது. 1996-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற முறையை வெளியிட்டது. அதன்பின் ஒரு பெரிய பெட்டி நிறைய இருந்த சிந்தசைசர், பிளக்-இன் என்னும் சிறு நிரலாகிக் கணினிக்குள்ளேயே குடியேறிவிட்டது.

நான் எடுத்துக்கொண்ட நிரலின் பெயர் சர்ஜ் எக்ஸ்டி. கிளாஸ் ஜோஹான்சன் என்பவர் விலைக்கு விற்ற சர்ஜ் என்னும் நிரலை 2018-இல் உலகத்துக்குப் பொதுவாகத் திறந்துவிட்டார். பலர் கூடி அதை வளர்த்தார்கள். 2022-இல் சர்ஜ் எக்ஸ்டி வெளிவந்தது. விலை ஒன்றும் இல்லை. உதவித்தொகையில் காலந்தள்ளும் மாணவனுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேறு என்ன வேண்டும்? புதன் பேட்டைத் தாப்கீர் கல்லியில் ஒரு கேபிளும் காதணிப் பேசியும் வாங்கினேன். நண்பர் ஒருவரிடம் சிறிய விசைப்பலகை கடன் வாங்கினேன். கச்சேரிக்கு மேடை தயார்!

முதலில் அதன் பெருமைகளைச் சொல்லிவிடுகிறேன். ரம்ப அலையை எடுத்து, வடிகட்டியைச் சற்றே திருகி, தொடக்கத்தில் ஒரு சிறு உறுமல் சேர்த்தபோது, நாணல் சீவாளியின் கரகரப்பு ஓரளவு வந்துவிட்டது. சுரங்களின் இடத்தையும் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். மேலைநாட்டு விசைப்பலகையில் ஒரு தாயி பன்னிரண்டு சமக் கூறாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கூறும் நூறு சென்ட். அக்கணக்கில் தோடியின் காந்தாரம் 300 சென்டில் நிற்கும். ஆறுக்கு ஐந்து என்ற இயற்கை விகிதப்படி கணக்கிட்டால் அது ஏறத்தாழ 316. இந்தப் பதினாறு சென்ட் வேறுபாட்டை ஓர் அட்டவணையாக எழுதிக் கொடுத்தால் நிரல் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் கேட்க வேண்டுமா? ஏழு சுரத்தையும் இயற்கை விகிதத்தில் நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

தோடி வரவில்லை.

சுரங்கள் வந்தன. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்கும் பிள்ளைகள்போல் அசையாமல் நின்றன. என் அறைத்தோழன் மராத்தியன். ஊரில் பஜனைக்கு ஹார்மோனியம் வாசிக்கிறவன். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் பெட்டிபோலவே இருக்கிறதே" என்றான். அவன் புகழ்ந்து சொன்னான், எனக்குச் சுருக்கென்றது. சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்ல முடியாத கருவி என்பதும் ஒரு காரணமாக, 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. இதை நான் சொன்னபோது அவன் சிரித்தான். "தடை போட்டவர்கள் போனார்கள், பெட்டி இருக்கிறது. பெட்டியால் முடியாததைப் பாடுகிறவர் தொண்டையால் நிரப்பிவிடுவார். உன் கணினிக்குப் பக்கத்தில் யார் பாடப்போகிறார்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

நான் ஆய்வுக்கூடத்துப் பழக்கத்தைக் கையாண்டேன். அப்பா முன்பு ஒரு கோயில் விழாவில் வாசித்த தோடி என் கைபேசியில் இருந்தது. தோடி என்றாலே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்பார்கள். 1956-இல் மறைந்த அம்மேதையின் இசைத்தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு வளர்ந்தவர் அப்பா. அந்தப் பதிவை எடுத்து, நேரத்துக்கு நேரம் அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று ஒரு சிறு நிரல் எழுதி வரைபடமாக்கினேன். வரைபடத்தைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். நான் அரும்பாடுபட்டுத் திருத்திய 316 என்ற இடத்தில் அப்பாவின் காந்தாரம் தங்கவே இல்லை! சுத்த ரிஷபத்தை ஒட்டிப் புறப்படுகிறது, சுத்த மத்திமத்தை நோக்கி ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. இந்த அசைவு முழுவதற்கும்தான் காந்தாரம் என்று பெயர். இசை கற்றவர்களுக்கு இது பால பாடம். ஏழு ஆண்டு அப்பாவிடம் கற்றவனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். விரல் அறிந்திருந்ததை மூளை மறந்துவிட்டது!

சர்ஜ் எக்ஸ்டியில் இதற்கும் ஒரு வழி உண்டு. துண்டு துண்டான கோடுகளால் நாமே ஓர் அசைவை வரைந்து, அதைச் சுரத்தின்மேல் ஏற்றலாம். அப்பாவின் வரைபடத்தைப் பார்த்து அப்படியே வரைந்தேன். விசையை அழுத்தியதும் உடல் சிலிர்த்தது. ஒரு கணம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தேன். ஆனால் அடுத்த முறை அழுத்தியபோதும் அதே அசைவு; அதற்கடுத்த முறையும் அதுவே. ஏறும்போது ஒரு விதமாகவும் இறங்கும்போது வேறு விதமாகவும் அசைய வேண்டிய சுரம், தலையாட்டிப் பொம்மைபோல ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிட ஆலாபனையை எப்படியோ ஒட்டவைத்து அப்பாவுக்கு அனுப்பினேன். இரவு தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன் தம்பி. சுருதி சுத்தமா இருக்கு. யாரு வாசிச்சது?"

"கம்ப்யூட்டர்ப்பா."

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் மூச்சே விடல. ரெண்டு நிமிஷமும் ஒரே தம்முல ஊதிட்டான். ஒத்து ஊதறவன்தான் அப்படி ஊதுவான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "காந்தாரத்துல நிக்கறப்பவே அடுத்தாப்ல எங்க போகப்போறோம்னு மனசுல இருக்கணும் தம்பி. அது இருந்தா அசைவு தானா வரும். இவனுக்கு அது தெரியல. தொட்ட எடத்துலயே ஆட்டிக்கிட்டு நிக்கறான், பாவம்" என்றார்.

நூறு பக்கக் கையேட்டில் கிடைக்காத விளக்கம் எனக்கு அந்த இரண்டு வாக்கியத்தில் கிடைத்தது. அன்றிரவே என் குறிப்பேட்டில் இத்தகைய நிரல்களுக்கு வேண்டிய வசதிகளை வரிசையாக எழுதினேன்.

முதலாவது, சுரத்துக்கு ஓர் இடம் மட்டும் போதாது. பல பாதைகள் வேண்டும். கீழிருந்து வரும்போது ஒன்று, மேலிருந்து வரும்போது ஒன்று, நின்று இளைப்பாறும்போது ஒன்று என்று வரைந்துவைத்தால், வந்த வழியைப் பார்த்து நிரலே தக்கதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, போகும் வழியையும் அது அறிய வேண்டும். விரல் இன்னும் தொடாத விசையை எந்தக் கருவியாலும் அறிய இயலாது, உண்மைதான். ஆனால் முன்பே எழுதிவைத்த மெட்டை வாசிக்கும்போது அடுத்த சுரம் கணினியில் இருக்கிறதே! ஒலியைச் சற்றே தாமதப்படுத்திவிட்டு அதை எட்டிப்பார்த்தால் என்ன?

மூன்றாவது, மூச்சு. வாசிக்க வாசிக்கக் குறையும் ஓர் அளவு வேண்டும். குறையக் குறைய ஒலி தளர வேண்டும். தீர்ந்தால் நிற்க வேண்டும். நின்று மூச்சு வாங்குகிற இடத்தில்தான் கேட்பவனுக்கும் மூச்சு வருகிறது.

நான்காவது, இரண்டரைக் கட்டை என்று சொன்னால் புரிந்துகொள்ளும் ஒரு திருகு. அட்டவணையும் விகிதமும் எனக்குப் புரியும். என் அப்பாவுக்கு வேண்டாம். அவர் கை வைக்கக்கூடிய கருவியாக, தமிழ்ப் பெயர்களோடு, அது இருக்க வேண்டும்.

எழுதி முடித்தபின் ஓர் எண்ணம் வந்தது. இவற்றை யார் செய்வது? நிரலின் மூலம் திறந்தே கிடக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் தோடியின் காந்தாரம் எந்தெந்த வழியில் போகும் என்று அவர்களுக்கு வரைந்து கொடுப்பவர் யார்? முன்னோர் இத்தகைய வேலைக்கு அஞ்சவில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டுச் சுருதிக் கணக்கை ஆராய்ந்தார். மிருதங்கத்தின் கருஞ்சாந்து அதன் ஒலியை எப்படி இனிதாக்குகிறது என்று 1920-இல் எழுதியவர் சர் சி. வி. இராமன். அறிவியல் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள் 1947-இல் யாழ் நூலைத் தந்தார். அறிவியலும் காதும் ஒருவரிடமே இருந்ததால் அவர்களுக்கு அது கைகூடியது. எனக்கோ அறிவியல் கொஞ்சம் வந்தது. காது கை நழுவிக்கொண்டிருந்தது. அப்பாவின் வரைபடத்தை என்னால் அளக்க முடிந்தது. அடுத்த சுரம் எது என்று அவர் மனம் எப்படி முடிவு செய்தது என்பதை அளக்க முடியவில்லை. அதை அவரிடம்தான் கற்க வேண்டும். அவருக்கு வயது அறுபத்தொன்று.

பொங்கலன்று என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கணினிக்கு அப்பா கொடுத்த வேலையையே நானும் கொடுத்தேன். அது ஒத்து ஊதியது. மூச்சுவிடாமல், பிசகாமல், மிக நன்றாக ஊதியது. அதன்மேல் அப்பாவின் பழைய பதிவை, சுருதி சேர்த்து, ஒலிக்கவிட்டேன். என் வீம்பு தோற்றது. விழா இனிது நடந்தது.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனேன். பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிப்பு?" என்றார். "அதுவும் இருக்கிறது" என்றேன். பழைய சீவாளி காய்ந்து வெடித்திருந்தது. மறுநாள் அவரே திருவாவடுதுறைக்குப் போய்ப் புதியது வாங்கிவந்தார்.

இப்போது ஞாயிறு காலைகளில் வேதாள் தேக்டியில் ஏறுகிறேன். குன்றின்மேல் நடைபயில வரும் மராத்தியப் பெரியவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பக்கத்தில் கைபேசி; அதில் அப்பா. பல் இல்லாத வாயால் பாடிக் காட்டுகிறார். நான் ஊதிக் காட்டுகிறேன். பெரும்பாலும் தப்பு. "மூச்ச எடு, மூச்ச எடு" என்கிறார். ஒவ்வொரு பாடத்தையும் பதிவு செய்து, பாதைகளை வரைந்து சேர்த்துவருகிறேன். ஒருநாள் அவற்றை அந்த நிரலை வளர்ப்பவர்களுக்கு அனுப்புவேன்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பறையோ, உடுக்கையோ, பாட்டியின் தாலாட்டோ இருக்கும். விடுமுறைக்குப் போகும்போது கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதோடு நின்றுவிடாமல், அருகில் உட்கார்ந்து கொஞ்சம் கற்றும் வாருங்கள். கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு அவசரமில்லை.