இடியும் கோல்ப் பந்தும்

இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள் என்று வருஷந்தோறும் வகுப்பில் போதித்து வருகிறோம். கோல்ப் ஆடும் கனவான்களுக்கும் இப்பாடம் அவசியமே.

1975-ல் சிக்காகோ அருகே நடந்த பந்தயத்தில், ஏரிக்கரையில் அமர்ந்திருந்த பிரபல ஆட்டக்காரர் லீ டிரெவினோவை மின்னல் தாக்கிற்று. உயிர் பிழைத்தார், முதுகுக்கு ரண சிகிச்சை தேவைப்பட்டது. 1991-ல் மின்னஸோட்டாவில் அமெரிக்க ஓபன் பந்தயம் பார்க்க வந்தோர் சிலர் மரத்தடியில் ஒதுங்கினர். அறுவரை மின்னல் தாக்கியது, ஒருவர் மாண்டார்.

வெட்டவெளியில் உயர்ந்து நிற்பதையே மின்னல் பெரும்பாலும் நாடும். மரமாயினும் ஒன்றுதான், மட்டையை ஓங்கிய மனிதராயினும் ஒன்றுதான். இடியோசை காதில் விழுந்தாலே ஆபத்து எட்டும் தூரத்தில் இருக்கிறதென்று பொருள். உடனே கட்டிடத்துக்குள்ளோ, மூடிய மோட்டார் வண்டிக்குள்ளோ புகுந்துவிட வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும்.

பந்து புல்லிலேயே கிடக்கட்டும். அது எங்கே ஓடிவிடப் போகிறது?