மங்கலாக்கினா துடிக்கும் ஹெட்லைட்

வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வழக்கமா கேட்பது "டிவி பார்க்கலாமா டாக்டர்?" திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கேட்டது: "ட்ரெயின் ஓட்டலாமா?"

மாடல் ட்ரெயின்ங்க. தாத்தா விழுப்புரத்துல மீட்டர் கேஜ் எலக்ட்ரிக் இன்ஜின் ஓட்டினவர். 1960கள்ல ஜப்பான்ல இருந்து வந்த ஒய்ஏஎம்1, மொத்தம் 20 இன்ஜின்தான். எழும்பூர்ல கிளம்பினா விழுப்புரத்தோட கரண்ட் கம்பி முடிஞ்சிடும். அங்க இன்ஜின் மாத்துவாங்க. அந்த இன்ஜினைத்தான் பேரனும் அவரும் சின்னதா செஞ்சு, டிசிசின்னு சொல்ற டிஜிட்டல் கன்ட்ரோல்ல ஓட்டுறாங்க. எதிர்ல வண்டி வந்தா ஹெட்லைட்டை மங்கலாக்கணும், அது தாத்தா போட்ட ரூல். மங்கலாக்கினா லைட் துடிக்குது. அம்மா பயந்துபோய் மொத்தத்தையும் பரண்ல ஏத்திட்டாங்க.

அந்தப் பயத்தை நான் சிரிச்சு ஒதுக்க மாட்டேன். 1997 டிசம்பர் 16, ஜப்பான்ல போக்கிமான் கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னினதுல 600-க்கும் மேற்பட்டவங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஆனா வலிப்பு உள்ள நூறு பேர்ல சுமார் 3 முதல் 5 பேருக்குத்தான் இந்த ஒளித் தூண்டல் உண்டு. பெரும்பாலும் நொடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் வெளிச்சம், அதுவும் பார்வையைப் பெரிசா அடைச்சு நிற்கும்போது. கடுகு அளவு எல்இடி அந்தக் கணக்குல வராது. இந்தப் பையனுக்கு இஇஜி எடுக்கும்போது லைட்டை மின்ன வச்சும் பார்த்தாச்சு, மாற்றம் எதுவும் இல்ல. ஓட்டலாம்னு சொல்லிட்டேன்.

ஆனா துடிக்கிற லைட்டைப் பார்த்துக்கிட்டே அந்த அம்மா நிம்மதியா இருக்க முடியுமா? அதனால அதுக்கும் ஒரு டயக்னோசிஸ் போட்டோம்.

இன்ஜினை நிறுத்தி வச்சு, முழு வெளிச்சத்துல பாருங்க. அப்போ துடிக்காம ஓடும்போது மட்டும் துடிச்சா சக்கரம், தண்டவாள அழுக்கு; ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சா போதும். வேகத்தை ஒவ்வொரு படியா கூட்டும்போது லைட் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சா, கன்ட்ரோலர் 28 படியிலயும் டிகோடர் 14 படியிலயும் நிக்குதுன்னு அர்த்தம். சிவி29-ஐ மாத்தினா சரியாயிடும்.

இவங்க வீட்டு இன்ஜின் நின்னுக்கிட்டே துடிச்சது, அதுவும் மங்கல்ல மட்டும். அப்போ குற்றவாளி மங்கலாக்குற முறைதான். டிகோடர் வோல்டேஜைக் குறைக்கிறதில்ல. லைட்டை வேகமா அணைச்சு அணைச்சுப் போடுது. பழைய குண்டு பல்பு இழை சூடு ஆறுறதுக்குள்ள அடுத்த துடிப்பு வந்துடும், அதனால தெரியாது. எல்இடி உடனே அணைஞ்சிடும். ஓரக்கண்ணுக்கு அது இன்னும் நல்லாவே தெரியும். சந்தேகமா? போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பாருங்க.

வைத்தியம்: டிகோடர்ல டிம் செட்டிங்கையே எடுத்துடுங்க. நீல ஒயர் எல்இடியோட பிளஸ்ஸுக்கு. மைனஸ்ல இருந்து ரெண்டு ரெசிஸ்டர் பிரியணும்: 1 கிலோ ஓம் வழியா வெள்ளை ஒயர், 15 கிலோ ஓம் வழியா பச்சை ஒயர். எஃப்0 போட்டா பளிச், அதை அணைச்சு எஃப்1 போட்டா மங்கல். 14 வோல்ட்ல மங்கலுக்கு ஒரு மில்லி ஆம்பியர்கூட ஓடாது, ஆனா தொடர்ந்து ஓடும். துடிக்கிறதுக்கு அங்க எதுவுமே இல்ல.

சால்டரிங் தாத்தா வேலை. கை நடுங்கும்னு பேரன் ஒயரைப் பிடிச்சுக்கிட்டானாம். பரண்ல இருந்து எல்லாத்தையும் இறக்கினது அம்மாதான். வீடியோ அனுப்பினதும் அவங்கதான். பேரனுக்கு ஒரே குறை, 15 கிலோ ரொம்ப மங்கலாம். 10 போட்டுப் பாருடான்னு சொல்லியிருக்கேன். ராத்திரி மாத்திரை போட்டதுக்கு அப்புறம்தான் ட்ரெயின், அது நான் போட்ட ரூல்.